மிதமாக மலையேறும் ஜிம்னிக்கு எந்தச் செலவு தகும், எது தகாது

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் சிறு வண்டியான மாருதி சுஸுகி ஜிம்னியின் ஐந்து கதவு மாடல் 2023 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது. அன்று தொடங்கி, அந்த வண்டிக்கென்று கூடுதல் பாகங்கள் விற்கும் கடைகளும் அவற்றைப் பொருத்தித் தரும் ஒர்க்‌ஷாப்புகளும் பெருகிவிட்டன. வண்டி வாங்கிய கையோடு லிப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் ஸ்பிரிங் தொகுதி), இரும்பு பம்பர், ஸ்னார்கல் (எஞ்சினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்), வின்ச் (சிக்கிய வண்டியை வடத்தால் இழுக்கும் மோட்டார்), கூரை ரேக் என்று ஒரு பட்டியலை நீட்டி, இவை இல்லாமல் தார்ச்சாலையை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் எதற்குப் பணம் போடலாம், எதை விட்டுவிடலாம் என்பதை, வண்டியை மிதமாகப் பயன்படுத்தும் ஒருவனாக இங்கே மதிப்பிடுகிறேன். மிதமான பயன்பாடு என்று நான் சொல்வது இதைத்தான்: பெரும்பாலான நாட்கள் தார்ச்சாலை, இடையிடையே ஆனைமலை அடிவாரத் தோட்டங்களுக்குப் போகும் மண்பாதை, மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் ரோடுகள், எப்போதாவது நண்பர்களோடு தனியார் நிலத்தில் கல்லும் சேறும் கலந்த தடம். போட்டிக்குப் போகும் வண்டிகளின் கணக்கு வேறு. அது இங்கே பேசப்படவில்லை.

முதலில், நிறுவனம் கொடுத்த வண்டியே என்ன செய்யும் என்று பார்த்துவிட வேண்டும். ஜிம்னி தனிச் சட்டகத்தின் மேல் கட்டப்பட்டது. முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் கெட்டி ஆக்ஸில், காயில் ஸ்பிரிங், தனி லீவரில் இயங்கும் 4எல் குறைவேக கியர் ஆகியவை எல்லா மாடலிலும் உண்டு. தரை இடைவெளி 210 மி.மீ. முன்புற ஏறுகோணம் 36 டிகிரி, பின்புற இறங்குகோணம் அதைவிட அதிகம். நடுவயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம் மட்டும் 24 டிகிரிதான். ஐந்து கதவுக்காக வீல்பேஸை 2,590 மி.மீ. வரை நீட்டியதன் விலை அது. இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் பாதுகாப்பு தேவை என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். வண்டியின் மூக்கும் வாலும் அநேகமாக எங்கும் தட்டாது, வயிறுதான் தட்டும்.

இதைவிட முக்கியமான எண் எடை. வண்டியின் சொந்த எடை மாடலைப் பொறுத்து 1,195 முதல் 1,210 கிலோ. ஆட்களையும் சுமையையும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. ஆக, ஏற்றக்கூடியது சுமார் 340 கிலோ. 70 கிலோ எடையுள்ள நான்கு பேர் உட்கார்ந்தால் 280 கிலோ போய்விடும். மீதி 60 கிலோ. இரும்பு பம்பரும் அதில் ஒரு வின்ச்சும் பொருத்தினால் அந்த 60 கிலோவும் தீர்ந்து, டிக்கியில் தண்ணீர்க் கேன் வைக்கக்கூடக் கணக்கில் இடம் இராது. அந்தச் சுமை முழுவதும் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் தொங்குவதால், முன் ஸ்பிரிங் அமுங்கி, வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும்; பிறகு அதைச் சரிசெய்ய வேறு ஸ்பிரிங் வாங்கச் சொல்வார்கள். எஞ்சினோ 1,462 சி.சி., 105 பி.எஸ்., 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேரோடு இரண்டாவது கியரில் ஏறிப் பார்த்தவர்களுக்கு, இந்த வண்டியில் ஒவ்வொரு கிலோவும் ஏன் கணக்காகிறது என்று விளக்கத் தேவையில்லை. எடை குறைவுதான் ஜிம்னியின் பலம். பெரிய வண்டிகள் அமிழ்ந்துபோகும் சேற்றில் இது மேலாகக் கடந்துபோவது அதனால்தான். அந்தப் பலத்தைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்ளும் எதையும் நான் மேம்பாடு என்று சொல்ல மாட்டேன்.

ஓரளவு ஓடிய வண்டியாக இருந்தால், புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் தேய்ந்ததை மாற்றுவதுதான் முதல் செலவு. நான்கு சக்கரமும் சாதாரண வேக கியரில் இயங்கும் 4எச்-சுக்கு மாற்றும்போது முன் சக்கரங்களின் ஹப்பைப் பூட்டுவது வெற்றிடக் குழாய்களின் வேலை. சக்கரத்துக்குப் பின்னால் ஓடும் மெல்லிய ரப்பர்க் குழாய்களில் விரிசல் விட்டாலோ, ஏதேனும் ஒன்று கழன்றுகொண்டாலோ, டேஷ்போர்டில் 4டபிள்யூடி விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். ஹப் பூட்டவில்லை என்று பொருள். தடத்தில் இறங்கிய பிறகு இது தெரிந்து பயனில்லை. முன் ஆக்ஸிலின் இரு முனைகளிலும், சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டைச் சுற்றி ஒரு சீல் இருக்கும். அதன் விளிம்பில் கருப்பாக கிரீஸ் கசிந்து, அதன்மேல் மண் அப்பி ஒரு வளையம்போல் படிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று கொள்ளலாம். அந்த வழியாகப் புகும் மண்ணும் நீரும் உள்ளே இருக்கும் சக்கரம் திரும்பத் துணைநிற்கும் கிங்பின் பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங் தளர்ந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் இரு பக்கமும் வெடவெடவென்று அடித்துக்கொள்ளும். கெட்டி ஆக்ஸில் வண்டிகளுக்கே உரிய இந்த நடுக்கத்துக்கு, பெரிய டயர் போட்டவர்கள் டயரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் தேய்ந்த பேரிங்கும் தளர்ந்த புஷ்களும் (மூட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) சக்கர பேலன்ஸ் சரியில்லாததும்தான். பெரிய டயர் அதை வெளியே கொண்டுவருகிறது, அவ்வளவே. இவற்றோடு ஆக்ஸிலின் இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் இரண்டு டிஃப்பரன்ஷியல், முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் ஆயிலையும் புதிதாக மாற்றிவிட்டால், வண்டி கடையிலிருந்து வந்ததுபோல் ஓடும்.

அடுத்து டயர். வேறு எதையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால், நான் சொல்வது இதைத்தான். வண்டியோடு வருவது 195/80 ஆர்15 அளவுள்ள பிரிட்ஜ்ஸ்டோன் டூயலர் எச்/டி. தார்ச்சாலைக்காகச் செய்யப்பட்ட அந்த டயர் அமைதியானது, எளிதாக உருள்வது. உலர்ந்த மண்பாதையிலும் குறை சொல்ல முடியாது. ஈரச் செம்மண் வந்தால்தான் அதன் எல்லை தெரியும். ஏற்றத்தில் இரண்டு சுற்றுச் சுழன்றதும் அதன் மெல்லிய பள்ளங்களில் மண் அப்பி, டயர் முழுவதும் வழவழப்பாகிவிடுகிறது. பிறகு 4எல்-லில் போட்டாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஏ/டி வகை டயரின் கட்டைகள் இடைவெளி விட்டிருப்பதால், சுழலும்போது மண்ணை வெளியே வீசிவிட்டுப் புதுப் பிடிப்போடு தரையைத் தொடும். தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறும் கல் பதித்த பாதைகளில், பாசி படர்ந்த கற்களின் மேல், இந்த வேறுபாடு முதல் வளைவிலேயே தெரியும்.

அளவு விஷயத்தில் ஆசை வேண்டாம் என்பது என் தீர்ப்பு. நிறுவன டயரின் விட்டம் 693 மி.மீ. பலர் தேர்ந்தெடுக்கும் 215/75 ஆர்15-இன் விட்டம் சுமார் 704 மி.மீ.; வேறுபாடு 1.5 சதவீதம்தான். எஞ்சினுக்கு அது தெரியாது, ஸ்பீடோமீட்டர் ஏறத்தாழச் சரியாகவே காட்டும். 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733 மி.மீ.-க்கு மேல் போகும். தோற்றம் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் தரை இடைவெளியில் கிடைப்பது 20 மி.மீ. மட்டுமே. அதற்குக் கொடுப்பதோ, எல்லா கியரும் ஏறத்தாழ 6 சதவீதம் நீண்டுபோவது, முட்டுவளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது டயர் உரசும் வாய்ப்பு, ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது கணக்குப்படி சுமார் 63.5 கி.மீ. வேகம், அதோடு பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் கூடுதல் எடை. அந்த எடை பின்கதவின் கீல்களில் விழுகிறது. கல்தடத்தில் நெடுநேரம் குலுங்கிய பிறகு, கதவை மூடும்போது அது சற்று இறங்கி உட்காருவதைக் கையாலேயே உணரலாம். பக்கச்சுவர் மூன்று அடுக்குள்ள எல்.டி. (சிறு லாரி) வகை டயர்களைச் சிலர் வற்புறுத்துவார்கள். கூர்மையான பாறைகளில் அடிக்கடி ஏறுபவர்களுக்கு அவை பொருந்தும். 1,200 கிலோ வண்டியில் அந்தக் கெட்டிப் பக்கச்சுவர் வளைந்தே கொடுக்காததால், சவாரி முரடாகிறது. காற்றைக் குறைத்தாலும் டயர் தரையில் போதுமான அளவு விரிந்து படிவதில்லை. சாதாரணக் கட்டமைப்புள்ள ஏ/டி டயர், யோகோஹாமா ஜியோலாண்டர் ஜி015 போன்ற வகை, இந்தப் பயன்பாட்டுக்குப் போதும். எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீட்டு எண் நிறுவன டயரின் 96-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று பொருள். நான்கை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடக் கூடாது. ஐந்தாகவே வாங்க வேண்டும். அளவு வேறுபட்ட ஒரு சக்கரத்தோடு நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் டிஃப்பரன்ஷியலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கேடு.

டயருக்கு அடுத்தபடியாக, விலை குறைவாகவும் பயன் அதிகமாகவும் உள்ள பொருள் காற்று கம்ப்ரஸர். அழுத்தத்தைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் தரையில் படியும், பிடிப்பு கூடும், கற்களின் அதிர்ச்சியை டயரே வாங்கிக்கொள்ளும். கல்லும் சேறும் உள்ள பாதையில் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால், இதே வண்டியா என்று தோன்றும்: உள்ளே இருப்பவர்களின் தலை ஜன்னலில் மோதுவது நின்றுவிடும், சக்கரம் சுழல்வதும் குறையும். ஆனால் அந்த அழுத்தத்தோடு தார்ச்சாலையில் வேகமாகப் போகக் கூடாது; டயர் சூடேறிக் கெடும். ஆகவே பாதை முடியும் இடத்திலேயே மீண்டும் நிரப்பிக்கொள்ளும் வசதி இருந்தால்தான் காற்றை இறக்கும் துணிவு வரும். எஸ்டேட்டுக்குள் பங்க் கிடையாது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டேஷ்போர்டில் உள்ள 12 வோல்ட் சாக்கெட் 120 வாட் அளவுக்கானது. அதில் மாட்டும் சிறு கம்ப்ரஸர்கள் நான்கு டயரையும் நிரப்புவதற்குள் கொதித்துவிடும். நேரடியாக பேட்டரி முனைகளில் கிளிப் மாட்டும் வகையே தகும். எஞ்சினை ஓடவிட்டு நிரப்பினால் பேட்டரியும் இறங்காது. கம்ப்ரஸரோடு ஒட்டி வரும் அழுத்தமானியை நம்பாமல், தனியாக ஒரு நல்ல மானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

வயிற்றுப் பாதுகாப்புக்கு வருவோம். 24 டிகிரி கோணம் தரும் பாடம் இதுதான்: டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் பகுதிக்கு ஒரு தகடு வேண்டும். ஸ்டியரிங் கம்பிகளுக்கு முன்னால் ஒரு தகடு இருந்தால் மேலும் நன்று. பின் ஆக்ஸிலின் அடியில், ஷாக் அப்சார்பரின் கீழ்முனை பொருத்தப்பட்டிருக்கும் கொம்பு போன்ற இரு தாங்கிகள் ஆக்ஸிலைவிடத் தாழ்வாகத் தொங்குகின்றன. மேட்டிலிருந்து இறங்கும்போது கல்லில் முதலில் இடிப்பது அவைதான். அவற்றுக்கென்று சறுக்குபோல் வளைந்த சிறு காப்புகள் தனியாகக் கிடைக்கின்றன. விலையும் அதிகமில்லை, எடையும் சேராது. தகட்டைப் பொறுத்தவரை 3 மி.மீ. இரும்பு என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 23.5 கிலோ, 6 மி.மீ. அலுமினியம் என்றால் ஏறத்தாழ 16 கிலோ. இரும்பு கல்லின்மேல் வழுக்கிப் போகும். அலுமினியம் சற்றுக் கடித்துப் பிடித்தாலும் எடை குறைவு, துருப்பிடிக்காது. மிதமான பயன்பாட்டுக்கு அலுமினியமே என் தேர்வு. ஆயில் வடிக்கும் இடத்தில் துளை இருக்கிறதா, தேங்கும் சேறு கழுவிவிட வழி இருக்கிறதா என்று படுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். கோடையில் காய்ந்த புல் தகட்டுக்கும் சைலன்ஸர் குழாய்க்கும் இடையில் சிக்கிக்கொள்ளும். அதை அப்படியே விட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தோட்டத்திலிருந்து திரும்பியதும் குனிந்து கையால் எடுத்துவிடுவது வழக்கமாக வேண்டும். இருபுறமும் காலடி வைத்து ஏறுவதற்குப் பொருத்திய படிகள் இருந்தால், அவற்றைக் கழற்றிவிடுவதே ஒரு மேம்பாடு, செலவும் இல்லை.

சிக்கிக்கொண்டால் வெளியே வருவதற்கான பொருட்களில் வின்ச் தேவையில்லை என்று முன்பே சொன்ன எடைக் கணக்கு காட்டுகிறது. அதற்குப் பதிலாக, நீண்டு சுருங்கும் இழுவைக் கயிறு ஒன்று, அதைக் கொக்கியோடு இணைக்கும் மென்கயிற்று ஷாக்கிள் இரண்டு, சக்கரத்துக்கு அடியில் செருகும் பிடிப்புப் பலகை ஒரு ஜோடி, சிறு மண்வெட்டி ஒன்று ஆகியவை போதும். கயிறு வாங்கும்போது பலமானதே நல்லது என்று எண்ணிப் பெரிய வண்டிகளுக்கான தடித்த கயிற்றை எடுக்கக் கூடாது. அது ஜிம்னியின் எடைக்கு நீளவே நீளாது. நீளாத கயிறு வெட்டி இழுக்கும். வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தாங்குதிறன் உள்ளதே அளவு. வண்டியில் உள்ள கொக்கிகளில் எது இழுவைக்கு உரியது, எது லாரியில் ஏற்றும்போது கட்டிவைக்க மட்டும் உரியது என்பதைக் கையேட்டில் பார்த்து, பார்த்ததைத் தடத்தில் இறங்குவதற்கு முன்பே உடன் வருபவருக்கும் காட்டிவிட வேண்டும். பந்து போன்ற டிரெய்லர் கொக்கியில் எந்தச் சூழ்நிலையிலும் கயிற்றை மாட்டக் கூடாது; அது உடைந்து பறந்து வந்தால் உயிர் போகும். சேற்றில் இறங்கி மண் வெட்ட வேண்டியிருக்கும் என்பதால், வால்பாறை மழையில் அட்டைக்காக உப்புப் பொட்டலம் ஒன்றும் இவற்றோடு இருக்கட்டும்.

ஸ்னார்கல் வேண்டாம். நம் ஊரில் காப்புக்காட்டுக்குள்ளும் அதன் ஓடைகளுக்குள்ளும் அனுமதியில்லாமல் வண்டியை இறக்குவது சட்டப்படி குற்றம். ஆனைமலையும் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலையும் புலிகள் காப்பகங்கள். அங்கே அனுமதியில்லாத பாதையில் திரும்பக்கூடாது என்பதை எழுதிக் காட்டத் தேவையில்லை. மழைவெள்ளம் தரைப்பாலத்தின் மேல் ஓடும்போது கடப்பதற்கு ஸ்னார்கலைவிடப் பயன்படுவது ஆக்ஸிலின் சுவாசக் குழாய். சூடான ஆக்ஸில் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி நீரை இழுத்துக்கொள்ளும். பிறகு வடிக்கும்போது ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வரும். அந்தச் சுவாசக் குழாயை ஒரு சாதாரண ரப்பர்க் குழாயால் நீட்டி எஞ்சின் அறையின் மேல்மட்டம் வரை கொண்டுபோய்விட்டால் இந்தக் கவலை பெரிதும் தீரும். சொல்லிக்கொள்ளும்படியான செலவே இல்லாத வேலை இது. இவ்வளவு பயனுள்ள ஒன்றைக் கடைக்காரர்கள் அரிதாகவே எடுத்துச் சொல்வது எனக்கு வருத்தம்தான்.

லிப்ட் கிட் பற்றி நான் உறுதியாகவே சொல்கிறேன்: இந்தப் பயன்பாட்டுக்கு அது தகாத செலவு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும், ஆக்ஸிலின் டிஃப்பரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். உயர்த்தியதும் முன் ஆக்ஸில் சுழன்று காஸ்டர் கோணம் குறைகிறது. ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் மங்குகிறது. பக்கவாட்டுக் கம்பி ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுக்கிறது. இவற்றைச் சரிசெய்ய வேறு புஷ், நீளம் மாற்றக்கூடிய வேறு கம்பி, நீண்ட பிரேக் குழாய் என்று செலவு தொடரும். உயரமும் ஒடுக்கமுமாக 1,720 மி.மீ. உயரத்தில் 1,645 மி.மீ. அகலத்தோடு நிற்கும் வண்டியை இன்னும் உயர்த்திவிட்டுக் கொண்டை ஊசி வளைவில் குடும்பத்தோடு இறங்குவது சரியாகப் படவில்லை. தரமான லிப்ட் கிட்டுக்கும் அதைச் சார்ந்த திருத்தங்களுக்கும் ஆகும் தொகையில், நல்ல டயரும் கம்ப்ரஸரும் கயிறும் வாங்குவதில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்புறம் இரும்புக் காப்புக் கம்பிகளைப் பொருத்துவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்தக் கம்பி மோதலின்போது நசுங்க வேண்டிய பகுதியை நசுங்க விடாமல் தடுத்து, ஏர்பேக் சென்சார் வேலை செய்வதைக் குழப்பலாம். சாலையில் நடந்து செல்பவருக்கோ அது நேரடி ஆபத்து. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றங்கள் கிளெய்ம் நேரத்தில் தகராறாகும் என்பதால், டயர் அளவை மாற்றினாலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

விளக்கு, ரேக் போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூரையின் மேல் பொருத்தும் எல்.இ.டி. பார் பொதுச்சாலையில் எரிய விடக்கூடாதது; மலையில் மூடுபனி இறங்கும்போது அதன் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பிவரும். தாழ்வாகப் பொருத்திய பனிவிளக்குதான் பாதையைக் காட்டும். கூரை ரேக் காற்றைத் தடுத்து எரிபொருள் தின்னும், எடையையும் உச்சிக்கு ஏற்றும். ஆழமான ரப்பர் மிதியடி வாங்கலாம். செம்மண் கறையிலிருந்து தரைவிரிப்பைக் காக்கும்.

கடைசியாக டிஃப் லாக், அதாவது ஒரே ஆக்ஸிலின் இரு சக்கரங்களையும் சேர்ந்தே சுழலவைக்கும் பூட்டு. ஜிம்னியில் அது இல்லை. சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து விசையை மறுபக்கத்துக்கு அனுப்பும் மின்னணு ஏற்பாடுதான் உண்டு. குறுக்குப் பள்ளத்தில் எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, அடியிலிருந்து கடகடவென்று சத்தம் வரும், வண்டி நகராது. பெரும்பாலானோர் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறி அந்த நொடியிலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சத்தம் பிரேக் வேலை செய்யும் சத்தம். 4எல்-லில், கால் அழுத்தத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் இரண்டு மூன்று விநாடி நிலையாகப் பிடித்தால், தரையில் உள்ள சக்கரம் பற்றிக்கொண்டு வண்டி மெல்ல மேலே ஏறிவிடும். இதை ஒரு தோட்டத்துப் பள்ளத்தில் பழகிப் பார்த்த பிறகும், தான் போகும் பாதையில் வண்டி அடிக்கடி நின்றுபோகிறது என்பவர் மட்டும் பின் ஆக்ஸிலுக்கு டிஃப் லாக் பற்றி யோசிக்கலாம்.